காப்புக்காட்டை ஒட்டிய குடியிருப்பில் இரவில் நாய்களை அவிழ்த்துவிடலாமா?

கேள்வி (குடியாத்தம் வட்டம்):
எங்கள் மனைப்பிரிவு காப்புக்காட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. சென்ற வாரம் கொல்லைமேட்டு வீடொன்றில், வாசல் தூணில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை கொன்று இழுத்துச் சென்றுவிட்டது. அறுந்த சங்கிலியும் புழுதியில் இழுபட்ட தடமும் வேலிவரை தெரிந்தன. நாய்களை இரவில் அவிழ்த்துவிட்டால் தெருவுக்கே காவல் என்கிறார்கள் சிலர். கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். என்னிடம் ஒரு நாட்டு நாயும் சில வெள்ளாடுகளும் உள்ளன. எது சரி?

பதில் (கால்நடைத் துறையில் ஓய்வு பெற்றவர்):
ஐயா, நாய் சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரை. கட்டிய நாயால் தப்ப முடியாது. அவிழ்த்துவிட்ட நாயோ தானே காட்டோரம் போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே இருட்டுவதற்குள் அதை வீட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். ஆட்டுக் கொட்டகைக்கு மூங்கில் தட்டி போதாது; நான்கு பக்கமும் கெட்டியான கம்பி வலை, வெளியே தாழ்ப்பாள், எல்லாவற்றுக்கும் மேலாக மூடிய கூரை ஆகியவை வேண்டும், ஏனெனில் ஆளுயரச் சுவரைத் தாண்டுவது சிறுத்தைக்கு ஒரு பொருட்டே அல்ல. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியையும் தவறாமல் போடுங்கள். 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றிடம் நாய்களுக்கு வரும் அந்த வைரஸே கண்டறியப்பட்டது.

பதில் (பேரணாம்பட்டுப் பக்கத்து விவசாயி):
மான்களையும் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் புள்ளிமான்கள் ஏரிக்கும் கழனிக்கும் இறங்கி வருகின்றன. அவிழ்த்துவிட்ட நாய்கள் கூட்டமாகத் துரத்தியதில் முள்வேலியில் சிக்கி, பின்தொடை கிழிந்து, கண் திறந்தபடியே துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மானை என் கழனியோரத்தில் பார்த்தேன், அது பிழைக்கவில்லை. கோழிக்கடைக் கழிவைச் சாலையோரம் கொட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அதற்குத் தெருநாய்கள் கூடும், அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். காட்டுப்பன்றிக்காக வேலியில் மின்சாரம் பாய்ச்ச யாரேனும் சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். அது குற்றம், கௌண்டின்யா சரணாலயப் பக்கமிருந்து வரும் யானையும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரும் அதில் மாளக்கூடும்.

பதில் (வேலூர்):
கூண்டைப் பற்றி ஒரு சொல். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள சிறுத்தையைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் உத்தரவின்றிப் பிடிக்க இயலாது. மகாராட்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் பிடித்த சிறுத்தைகளை வேறு காடுகளில் விட்டபின், மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியதே தவிரக் குறையவில்லை. மனிதரைத் தாக்கும் விலங்கு என்றால் பேச்சு வேறு; நாயைத் தூக்கியதற்காகக் கூண்டு கேட்பது நியாயமில்லை. ஆடு பலியானால் உடலை அப்புறப்படுத்தாமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கால்நடை மருத்துவரின் சான்று இருந்தால்தான் இழப்பீடு கோர முடியும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நாய் நேற்றிரவு முதல் கூடத்தில்தான் படுக்கிறது. கொட்டகைத் தரை முழுவதும் சிமெண்டு பூச வேண்டுமா, ஐயா?

பதில் (கால்நடைத் துறையில் ஓய்வு பெற்றவர்):
தேவையில்லை. வலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழம் புதைத்துச் சுற்றிலும் கல் பதித்தால் போதும். ஆடுகளுக்கு உலர்ந்த மண் தரையே நல்லது.