பல வருடமாக பைக் ஓட்டுபவருக்கு டிரெய்னிங் எதற்கு?

திருப்பூர்_மீட்டியார்:
வணக்கம் நண்பர்களே. காலேஜில் ஆர்எக்ஸ் 100, அப்புறம் ஸ்பிளெண்டர், நடுவில் ஒரு பல்சர், இப்போது மீட்டியார் 350. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வால்பாறை அல்லது மூணாறு. சிராய்ப்பு தவிர பெரிய அடி எதுவும் பட்டதில்லை.

எங்கள் குரூப்பில் ஒரு நாள் ரைடர் டிரெய்னிங் ஏற்பாடு செய்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மைதானத்தில் கோன் சுற்ற வேண்டுமாம். கட்டணம் கிட்டத்தட்ட ஒரு டயர் விலை. மச்சான் வா வா என்று இழுக்கிறான். எனக்கோ, ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டு முடித்த ஆளுக்கு இந்த வயதில் மறுபடியும் எட்டா என்று இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு சொல்லித் தராததை ஒரு மைதானம் சொல்லித் தருமா?

புதிதாக ஓட்டுபவர்களுக்கு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ரொம்ப காலம் ஓட்டியபிறகு போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மதுரை_டாமினார்:
அந்தக் காசுக்கு நல்ல டயரே போட்டுவிடுங்க ப்ரோ. டயராவது ரோட்டைப் பிடிக்கும்.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப்:
சார், நான் பொள்ளாச்சியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மலை இறங்கி வருகிற வண்டிகள் நிறைய என் கடைக்கு வரும். எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்று நான் யாரையும் கேட்பதில்லை. சக்கரத்தைக் கழற்றினால் பாதிக் கதை தெரிந்துவிடும். பின் பிரேக் பேட் இரும்பு வரைக்கும் தேய்ந்திருக்கும், டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். முன் பேட் மட்டும் ஷோரூமிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். இதைச் சின்னப் பையன்கள் வண்டியில் குறைவாகத்தான் பார்க்கிறேன். நாற்பது தாண்டியவர்கள் வண்டியில்தான் அதிகம்.

காரணம் புரியாமல் இல்லை. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்" என்று அப்பாவோ மாமாவோ சொல்லித்தான் நம் காலத்தில் எல்லாரும் வண்டி பழகினோம். உங்கள் ஆர்எக்ஸுக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக், எடை நூறு கிலோ பக்கம், டயர் மெலிசு, ரோடும் மண். அந்த வண்டிக்கு அந்த அறிவுரை பாதியாவது சரி. மீட்டியார் 190 கிலோவுக்கு மேல், இரண்டு பக்கமும் டிஸ்க். வண்டிதான் மாறியிருக்கிறது, கால் இன்னும் ஆர்எக்ஸ் மிதிதான் மிதிக்கிறது.

பிரேக் பிடித்தால் எடை முன்னால் போய் விழும். பின் சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரத்துக்கு ரோட்டில் பிடிப்பு ஏது? 60-இல் போகும்போது காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் 20 மீட்டர் அளவில் நிற்கலாம். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அது ஏறத்தாழ இரட்டிப்பு. அந்த வித்தியாசத்துக்குள் ஒரு டவுன் பஸ்ஸும் அதற்குப் பின்னால் ஒரு வேனும் நிற்கலாம். கண் பார்த்து கை போவதற்கே ஒரு வினாடி ஆகிவிடும், அதில் போகிற 16, 17 மீட்டர் தனிக் கணக்கு.

வால்பாறை ரோடு இதை ஏன் சொல்லித் தரவில்லை என்றால், அங்கே உங்களுக்கு முழு பிரேக் தேவைப்படவே இல்லை. தினப்படி ஓட்டத்தில் பிரேக்கின் பலத்தில் கொஞ்சம்தான் எடுக்கிறோம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் வரும் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். அது வேலை செய்யும்போது லீவர் விரலுக்கடியில் உதறும். என் கடைக்கு வருபவர்களில் பலர் அந்த உதறலை ஒரு தடவைகூட உணர்ந்ததில்லை. முதல் தடவை உணரும்போது என்னமோ உடைந்துவிட்டது என்று விரலை எடுத்துவிடுவார்கள். அந்த முதல் தடவை மைதானத்தில் நடக்கட்டும், லாரிக்குப் பின்னால் வேண்டாம். இன்னொன்று, சிங்கிள் சேனல் ஏபிஎஸ் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பின் சக்கரம் பழையபடி லாக் ஆகும். தன் வண்டியில் எது இருக்கிறது என்றே தெரியாத ஓனர்கள் உண்டு.

எட்டு பற்றிக் கேட்டீர்கள். அது நடக்கிற வேகத்தில் போடுவது. ஹேண்டிலைத் திருப்பின பக்கம் வண்டி போகும். வேகம் ஏறிவிட்டால் கதை வேறு: இடது பக்கம் சாய இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். எல்லாரும் தெரியாமலேயே செய்கிறோம், அதனால்தான் வண்டி ஓடுகிறது. ஆனால் கொண்டை ஊசியில் அரசு பஸ் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு திரும்பும்போது பயத்தில் கை விறைத்துவிடும், கண் பஸ்ஸையே பார்க்கும். பார்க்கிற பக்கம்தானே வண்டி போகும்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு டிரெய்னரை வரவழைத்தார்கள், நானும் போனேன். 60-இல் வந்து பிரேக் பிடித்தால் எங்கே நிற்பீர்கள் என்று முதலில் நம்மையே கோன் வைக்கச் சொன்னார். காலையில் ஒருவர்கூட அவரவர் கோனுக்கு முன்னால் நிற்கவில்லை. லடாக் போய் வந்தவரும் சேர்த்துத்தான். டேப் பிடித்து அளந்து காட்டியதால் யாரும் வாய் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தூரம் குறைந்தது.

சென்னை_ஆர்15:
எதிர்க்கட்சி ஒன்று வேண்டுமே, நான் இருக்கிறேன். பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது அண்ணா. 2010-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஆய்வுகளின் தரம் போதாது, முடிவு சொல்ல முடியாது என்று எழுதியது. நார்வேயில் கார் ஓட்டக் கற்பவர்களுக்கு வழுக்குப் பாதைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண்களிடம் அந்த வகை விபத்து கூடத்தான் செய்தது. நமக்குத் தெரியும் என்கிற தைரியம் வந்து வேகம் ஏறிவிடுகிறது.

அதே நேரம் 1981-இல் வந்த ஹர்ட் அறிக்கையையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். அடிபட்டவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பின் பிரேக்கை அழுத்திச் சறுக்கியவர்கள் அதிகம், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. ஆபத்தைப் பார்த்தபிறகு கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்குக் குறைவு. பொள்ளாச்சி அண்ணன் கழற்றிய பேட் சொல்வதும் இதையேதான்.

தாம்பரம்_ஹிமாலயன்:
நான் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் வகுப்புக்குப் போனேன். 1980-இல் கீத் கோட் என்பவர் தொடங்கிய பள்ளி. செலவு அதிகம்தான். பார்வையை எங்கே வைப்பது, வளைவுக்குள் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) எப்படிச் சீராகத் திறப்பது, இந்த இரண்டும் ஏற்காடு ரோட்டில்கூட எனக்கு உதவுகிறது. நாய் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பதற்கு டிராக் பதில் சொல்லாது.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப்:
சென்னைத் தம்பி சொன்ன தைரியம் பற்றிய விஷயம் உண்மை. எங்கள் செட்டிலேயே ஒருத்தன் பயிற்சி முடிந்த வாரமே ரேஸ்காரர்கள் மாதிரி வளைவில் முட்டி தரையில் உரசக் கிளம்பிவிட்டான். அதனால்தான் எல்லா டிரெய்னிங்குக்கும் நான் போகச் சொல்ல மாட்டேன். பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: உங்கள் சொந்த வண்டியிலா, ஒரு டிரெய்னருக்கு எத்தனை பேர், பிரேக் தூரத்தை அளந்து காட்டுவார்களா? விளம்பரத்தில் வீலிங் போட்டோ இருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். முடித்தபிறகும் மாதத்துக்கு ஒரு தரமாவது காலி இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கால் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

பின் பிரேக்கே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறுகிய ரோட்டில் யூ-டர்ன் எடுக்கும்போது கிளட்ச் பாதி, பின் பிரேக் லேசாக, தலை முழுக்கத் திரும்பி. அங்கே அதுதான் ராஜா, முன் பிரேக்கைத் தொட்டால் கீழே விழுவீர்கள்.

திருப்பூர்_மீட்டியார்:
நன்றி அண்ணா. மச்சானிடம் அந்த மூன்று கேள்வியையும் கேட்டு வைக்கிறேன். இன்னும் ஒன்று. நான் பாதி நாள் வீட்டம்மாவோடுதான் போவேன். மைதானத்தில் தனியாகப் பழகினது அப்போது செல்லுமா?

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப்:
முழுசாகச் செல்லாது சார். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் சக்கரத்தில் எடை கூடும், அப்போது பின் பிரேக்கும் நல்ல வேலை செய்யும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சடாரென்று பிடித்தால் அவர் உங்கள் முதுகில் வந்து மோதுவார், உங்கள் கை ஹேண்டிலை அழுத்தும். டிரெய்னர் ஒத்துக்கொண்டால் கடைசி ஒரு மணி நேரம் அவரையும் உட்கார வைத்துப் பிடித்துப் பாருங்கள், ஹெல்மெட் ஜாக்கெட்டோடு. கிளம்பும் முன் பின் ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றி, டயர் காற்றையும் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து இரண்டு பேர் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.