என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், பேசுவதையே விட்டுவிடலாமா?

ஸ்ரீராம்புரம் பையன்:
பிறந்து வளர்ந்தது எல்லாம் பெங்களூர் ஸ்ரீராம்புரம், இப்போது பி.காம். இரண்டாம் வருஷம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். சேலம், கோவைப் பக்கத்திலிருந்து வந்து பிஜியில் தங்கிப் படிக்கும் பசங்க எங்கள் வகுப்பில் நிறைய. கேன்டீனில் நான் "சொல்ப (கொஞ்சம்) இருடா, வந்துகினே இருக்கேன்" என்றால் போதும், ஒருவன் அதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்டுவான், மொத்தக் கூட்டமும் சிரிக்கும். "நீ கன்னடக்காரன்தானே" என்று வேறு கேட்கிறார்கள். கன்னட நண்பர்களுக்கோ நான் என்றைக்கும் தமிழன்தான். இப்போதெல்லாம் அந்தப் பசங்களிடம் ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறேன். அது சரியா?

ஈரோட்டுக்காரி:
சரியே இல்லை தம்பி. நானும் வெளியூரிலிருந்து வந்து இங்கே எம்.எஸ்சி. படிக்கிறவள்தான். ஊரில் இந்தித் திணிப்பு என்றால் கொதிக்கிற இதே பசங்க, இங்கே வந்து ரெண்டு வருஷம் ஆகியும் பிஎம்டிசி டவுன் பஸ் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கன்னடம் பேச மாட்டார்கள். மூன்று மொழியில் புழங்குகிற உன்னைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

அல்சூர் பெரியவர்:
தம்பி, 'வந்துகினு' கன்னடக் கலப்பே இல்லை, வடாற்காட்டுப் பேச்சு. 1809இல் வெள்ளைக்காரனின் ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் வந்த பிறகு அந்தப் பக்கத்து ஜனங்கள் கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் இங்கே வந்தார்கள், பேச்சும் கூடவே வந்தது. 1991 காவிரிக் கலவரத்தின்போது பஸ்ஸில் தமிழ் பேசவே பயந்தோம். ஏரிக்கரையில் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையை 2009இல்தான் திறந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் வீட்டுக்குள் காப்பாற்றி வைத்த தமிழ் இது, யாரோ நாலு பேர் சிரித்தார்கள் என்று விடாதே.

கல்லூரி ஆசிரியை:
உங்கள் வகுப்பில் வட கர்நாடகத்து ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் கவனித்துப் பாருங்கள். அவர்கள் கன்னடத்தைக் கேட்டு பெங்களூர்க் கன்னடப் பிள்ளைகளே சிரிக்கிறார்கள், அதுகளும் வாயை மூடிக்கொண்டு பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. டிகிரியில் கன்னடம் கட்டாயம் என்று 2021இல் அரசு உத்தரவு வந்தது, உயர்நீதிமன்றம் 2022இல் இடைக்காலத் தடை போட்டது, எவ்வளவோ வாதம் நடந்தது. ஆனால் சொந்த மொழியைப் பேசியே கூச்சப்பட்டுப்போகிற இந்தப் பிள்ளைகளைப் பற்றி அதில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். நீங்கள் ஆங்கிலத்துக்கு மாறினால் அவர்கள் சிரித்தது சரி என்றாகிவிடும். தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.

ஸ்ரீராம்புரம் பையன்:
நன்றி மேடம், நன்றி ஐயா, அக்கா. அதே பக்கத்து பீதரிலிருந்து வந்த ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான், அவன் பேசி நான் அதிகம் கேட்டதே இல்லை. நானே போய்க் கன்னடத்தில் பேச்சுக் கொடுக்கிறேன்.