தம்பியின் கண்ணுக்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ஒரு குளிர்பான ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பாட்டில் கழுவும் பிரிவு. 12 நாளுக்கு முன்பு, தொட்டியில் காஸ்டிக் சோடா கலக்கும்போது சூடான கரைசல் தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி மேற்பார்வையாளர் அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். இரண்டு கை தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆட்டோ தேடி அலைந்திருக்கிறார்கள். காஸ்டிக் சோடா போன்ற காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும், உடனே அரைமணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது. இப்போது கருவிழி வெளுத்திருக்கிறது. முற்றத்துத் தென்னை புகைக்குள் நிற்பதுபோல் தெரிகிறது என்கிறான்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறது. ஒப்பந்தக்காரரோ, "வீட்டில் நடந்தது என்று எழுதிக் கொடு, செலவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். எழுதிக் கொடுத்தால் எல்லாம் போயிற்று. வேலையிடத்து விபத்து என்று பதிவானால்தான் ஓய்வு நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். பார்வை குறைந்துவிட்டால் நிரந்தர ஊனத்துக்கான தொகையும் உண்டு. அவன் கையெழுத்துப் போடவில்லை, போட விடவும் மாட்டேன்.

ஆலை விபத்து அறிக்கை கொடுக்க மறுத்தால் நாகர்கோவிலில் யாரைப் பார்க்க வேண்டும்? இப்படிப் போராடி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? கருவிழிக்கு நல்ல மருத்துவர் தெரிந்தால் இன்று இரவே சொல்லுங்கள். அதே தொட்டியில் நிற்கும் மற்ற மூன்று பேருக்கும் இன்னும் கண்ணாடி கொடுக்கவில்லை.