ஜிங்கன் குரோஷியா போனது தோல்வியா?

ஸ்டாப்பர் 5: இந்தியக் கால்பந்து அணியின் டிஃபெண்டர் சந்தேஷ் ஜிங்கன் 2021 ஆகஸ்டில் குரோஷியாவின் ஷிபெனிக் கிளப்பில் சேர்ந்தார். பயிற்சியில் காயம்பட்டு, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் தன் பழைய கிளப்பான ஏடிகே மோகன் பகானுக்கே திரும்பிவிட்டார். இதைக் காட்டியே இன்னும் பலர் "நம்ம டிஃபெண்டர்களுக்கு ஐரோப்பா சரிப்படாது" என்று எழுதுகிறார்கள். களத்தில் இறங்காத ஒருவரின் தரத்தை எதை வைத்து அளந்தீர்கள்?

ஆஃப்சைடு: இறங்கவில்லை என்பதுதானே தோல்வி? போகும்போது அவருக்கு 28 வயது. நம் கோல்கீப்பர் குர்பிரீத் 22 வயதில், 2014லேயே நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடியது 2016இல். அவ்வளவு நாள் காத்திருப்பது 22 வயதுக்காரருக்குக் கட்டுப்படியாகும். ஜிங்கனுக்கு ஆகாது. அவர் போயிருக்க வேண்டிய வருடம் 2016, கேரளா பிளாஸ்டர்ஸில் உச்சத்தில் இருந்தபோது.

ஸ்டாப்பர் 5: வயதுதான் காரணம் என்றால் தாய்லாந்தின் தீராதோன் புன்மதனை என்ன செய்வீர்கள்? அவரும் 28 வயதில்தான் ஜப்பானுக்கு, விசெல் கோபே கிளப்புக்குப் போனார். அடுத்த வருடமே யோகோஹாமா எஃப் மரினோஸில் லெஃப்ட் பேக்காக (இடது பக்க டிஃபெண்டராக) ஆடி, ஜப்பானின் முதல்நிலை லீக்கான ஜே லீக்கின் 2019 பட்டத்தை வென்றார்.

ஆஃப்சைடு: நல்ல உதாரணம்தான், ஆனால் பாதியை விட்டுவிட்டீர்கள். ஜே லீக்கில் தாய்லாந்து, வியட்நாம் போன்ற கூட்டாளி நாடுகளின் வீரர்கள் ஒரு அணியில் இத்தனை வெளிநாட்டவர்தான் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் வர மாட்டார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. தீராதோனுக்குக் கதவு திறந்தே இருந்தது.

த்ரோ இன்: இரண்டு பேருமே முக்கியமானதைத் தாண்டிப் போகிறீர்கள். ஃபார்வர்டு என்றால் கடைசி 15 நிமிடம் இறக்கிப் பார்க்கலாம், சொதப்பினாலும் பெரிய நஷ்டமில்லை. ஜிங்கன் மாதிரி, கோலுக்கு முன்னால் நடுவில் ஜோடியாக நிற்கும் சென்டர் பேக்கை அப்படி யார் இறக்குவார்கள்? பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து எப்போது மேலே ஏறுவது, எப்போது பின்வாங்குவது என்பது பழகிப் பழகித்தான் வரும். கோல்கீப்பர் பின்னாலிருந்து கத்துவது அந்த நொடியே புரிய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஜோடியில் ஒருவருக்குக் காயமோ தடையோ வந்தால்தான் புதியவருக்கு இடம். ஜிங்கன் போனபோது அங்கே சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. இவரோ ஜூனில் தோஹாவில் இந்தியாவுக்காக உலகக் கோப்பை தகுதிச் சுற்று ஆடியதோடு சரி. ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் தாவி ஏறுவது மாதிரி. காயம்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆஃப்சைடு: அப்படியானால் திட்டமிடாமல் போனார் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

த்ரோ இன்: இல்லை சார். போனது சரி, போன மாதம் தப்பு. இரண்டும் ஒன்றல்ல.

பெஞ்ச் மூலை: கொரிய டிஃபெண்டர் கிம் மின் ஜேவைப் பாருங்கள். தென் கொரியாவின் ஜியோன்புக்கிலிருந்து 2019இல் பெய்ஜிங் குவானுக்குப் போனபோது, பணத்துக்காகச் சீனா போகிறார் என்று திட்டாதவர்கள் குறைவு. அப்புறம் துருக்கியின் ஃபெனர்பாஷே, அப்புறம் இத்தாலியின் நாப்போலி. 33 வருடத்துக்குப் பிறகு நாப்போலி இத்தாலிய லீக்கை வென்ற 2022-23 சீசனில் அங்கே சிறந்த டிஃபெண்டர் விருதும் அவருக்குத்தான். பிறகு ஜெர்மனியின் பேயர்ன். அந்தந்தப் படியில் நின்று ஆடினார், உட்காரவில்லை. (2018 ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைக்காமல் போயிருந்தால் கொரியாவின் கட்டாய ராணுவ சேவைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். அந்த அளவுக்கு அதிர்ஷ்டமும் வேண்டும்.)

ஸ்டாப்பர் 5: கிம்மோடு ஒப்பிடுவது நியாயமில்லை. கொரியாவின் ஃபிஃபா தரவரிசை வேறு, நம் தரவரிசை வேறு. சுனில் சேத்ரியை இங்கிலாந்து கிளப்பான க்யூபிஆர் ஒப்பந்தமே செய்த பிறகும், இந்தியா முதல் 70 நாடுகளுக்குள் இல்லை என்று பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. படி ஏறச் சொல்வது சுலபம். முதல் படியே நமக்கு உயரத்தில் இருக்கிறது.

ஆஃப்சைடு: அதனால்தான் குரோஷியா மாதிரி இடங்களுக்கு 21, 22 வயதிலேயே போகச் சொல்கிறேன். அங்கே லீக்கில் 10 அணி, ஒரு அணிக்கு 36 ஆட்டம். அங்கே பெரிய கிளப்பான டினாமோ ஜாக்ரெப்போடு மட்டும் ஒரு சீசனில் நாலு தடவை மோதலாம். டிஃபெண்டருக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது.

பெஞ்ச் மூலை: யார் போவார்கள்? ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்கில்) நன்றாக ஆடும் இந்திய சென்டர் பேக்குக்கு இங்கேயே கைநிறையக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டுச் சின்ன கிளப்பில் பெஞ்சில் உட்காரச் சொன்னால் வீட்டிலேயே விட மாட்டார்கள்.

த்ரோ இன்: ஜிங்கன் போனாரே. அந்த 2021இல்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்திருந்தது. இங்கே எல்லாம் கையில் இருந்தும் கிளம்பினார். திரும்பி வந்தபின் பெங்களூரு, எஃப்சி கோவா என்று தொடர்ந்து ஆடவும் செய்தார். ஷிபெனிக்கால் அவர் ஆட்டம் கெட்டது என்று யாராவது காட்டட்டும், நான் கட்சி மாறுகிறேன்.

ஆஃப்சைடு: ஆட்டம் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை, மேலே போய்ப் படியுங்கள். அடுத்தவர் போகும்போது சீசன் தொடங்குவதற்கு முன்பே போகட்டும். இதையாவது ஒத்துக்கொள்கிறீர்களா?

ஸ்டாப்பர் 5: ஒத்துக்கொள்கிறேன். வயதில் மட்டும் இல்லை.