1 ஜிபி விபிஎஸ்: டிஸ்கோர்ஸா, பிஎச்பிபிபியா?

நாற்றங்கால்:
வேளாண்மை பேசும் தமிழ்க் குழு ஒன்றுக்குச் சொந்த சர்வரில் மன்றம் நிறுவ வேண்டும். 300 பேர் வரை வருவார்கள். 1 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க், உபுண்டு போட்ட விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). டொமைனும் உண்டு. மன்ற மென்பொருளாகச் சிலர் டிஸ்கோர்ஸ் என்கிறார்கள், சிலர் பிஎச்பிபிபியே போதும் என்கிறார்கள். எதைப் போடலாம், எங்கே மாட்டும்?

வடக்குவாசல்:
டிஸ்கோர்ஸ்தான். 1 ஜிபி என்பது அவர்கள் சொல்லும் கீழ் எல்லை, ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவ டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) இல்லாமல் நடக்காது. அவர்களுடைய டாக்கர் (மென்பொருளை அதன் தேவைகளோடு ஒரே பெட்டியாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டும் கருவி) ரெப்போவை வார் (/var) டைரக்டரிக்குள் டிஸ்கோர்ஸ் என்ற ஃபோல்டராக குளோன் செய்து, உள்ளே இருக்கும் செட்டப் ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டுங்கள். ரேம் குறைவாக இருந்தால் 2 ஜிபி ஸ்வாப் போடட்டுமா என்று அதுவே கேட்கும், போடச் சொல்லுங்கள். அடுத்து டொமைன், அட்மின் மெயில், எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) விவரம். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் டேட்டாபேஸ்கள், எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர், ரூபி எல்லாம் ஒரே கன்டெய்னருக்குள் வந்துவிடும். எச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவச லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழையும் அதுவே வாங்கிக்கொள்ளும். நீங்கள் தனியாக நிறுவ ஒன்றுமில்லை.

பழையகோட்டை:
எஸ்எம்டிபியை ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்களே ஐயா! ஆட்கள் விழுவதே அந்தக் குழியில்தான். பல கிளவுட் நிறுவனங்கள் 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கும். சில இடங்களில் 465, 587 கூட. டிஸ்கோர்ஸில் அட்மின் கணக்கைத் திறக்க வேண்டிய மெயில் இந்த வழியாகத்தான் வர வேண்டும். வராவிட்டால் பதிவுப் பக்கத்தோடு நிற்க வேண்டியதுதான். பிஎச்பிபிபியில் அட்மின் பெயரும் கடவுச்சொல்லும் நிறுவும் படிவத்திலேயே கேட்டுவிடும், மெயிலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ரேம் கணக்கும் பாருங்கள். பிஎச்பிபிபிக்கு டேட்டாபேஸாக வைக்கும் மரியாடிபியின் இன்னோடிபி பஃபர் பூல் (தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம்) இயல்பாகவே 128 எம்பி. பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடும் ப்ராசஸ்களின் உச்ச எண்) 5 என்று வையுங்கள், ஒவ்வொன்றும் 40, 50 எம்பி தின்றாலும் 1 ஜிபியில் பாதி மிச்சம். டிஸ்கோர்ஸிலோ ரீபில்டு (கன்டெய்னரை மறுபடி கட்டுவது) ஓடும்போது ஜாவாஸ்கிரிப்ட் அசெட்டுகளைக் கட்டுகிற இடத்தில் நினைவகம் நிரம்பி, கர்னல் அந்த ப்ராசஸைக் கொன்றுவிடும். திரையில் 137 என்ற எக்ஸிட் கோடு தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அதுதான். ரீபில்டு முடியும்வரை தளமும் படுத்திருக்கும்.

வடக்குவாசல்:
மெயில் இல்லாமலும் அட்மின் உண்டாக்கலாம். டிஸ்கோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் லாஞ்சர் ஸ்கிரிப்டில் 'என்டர் ஆப்' கொடுத்து கன்டெய்னருக்குள் நுழைந்து 'ரேக் அட்மின் கிரியேட்' ஓட்டினால் போதும். அடைத்த போர்ட்டுக்கும் வழி இருக்கிறது: மெயில் ரிலே சேவைகள் பல 2525-இல் கேட்கின்றன, அந்த எண்ணைக் கொடுங்கள். ஒரு பொடி விஷயம், எஸ்எம்டிபி கடவுச்சொல்லில் ஹேஷ் குறி வேண்டாம். இந்த விவரங்கள் சேரும் ஆப் யாமல் (app.yml) அமைப்பு ஃபைலில் அது குறிப்புரைக்கான குறி, சிக்கல் வரலாம். ஆப் யாமல் ஃபைலிலேயே இதற்கு எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை.

'மெயில் நாளைக்கு' என்பதும் ஏமாற்று. கடவுச்சொல் மறந்தவருக்கு பிஎச்பிபிபியும் மெயில்தான் அனுப்ப வேண்டும். பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனை நம்பி விட்டால் நேரே ஸ்பேம் பெட்டி. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் முறைகள்) ஒன்றாவது இருக்க வேண்டும். இந்த டிஎன்எஸ் வேலை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மூன்றாம்சாமம்:
சண்டைக்கு நடுவே ஒன்று. எதை நிறுவினாலும் முதலில் டிஎன்எஸ்ஸைச் சரிபாருங்கள். பழைய ஏஏஏஏ ரெக்கார்டு, அதாவது ஐபிவி6 முகவரி, வேறெங்கோ காட்டிக்கொண்டிருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் முதலில் அங்கேதான் போய்த் தட்டும், சான்றிதழ் கிடைக்காது. கிளவுட்ஃபிளேர் வைத்திருந்தால் நிறுவி முடியும்வரை ஆரஞ்சு மேகத்தைச் சாம்பலாக்கி (அதாவது அதன் ப்ராக்சியை அணைத்து) வையுங்கள்.

டிஸ்கோர்ஸ் ஒருமுறை தவறினால் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஷேர்டு ஃபோல்டருக்குள்தான் சான்றிதழ் இருக்கிறது. அதையும் சேர்த்து அழித்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும். ஒரே பெயர்களுக்கு வாரத்துக்கு 5 சான்றிதழ்தான். ஆறாவது முறை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆப் யாமலைத் திருத்தி ரீபில்டு கொடுத்தாலே போதும், அழிக்கத் தேவையில்லை.

வடக்குவாசல்:
நன்றி தோழர். இப்போது பிஎச்பிபிபியின் குழியைப் பார்ப்போம். கேஷ், ஃபைல்ஸ், ஸ்டோர் ஃபோல்டர்களை வெளியார் திறக்காமல் காப்பது டாட் எச்டிஅக்சஸ் ஃபைல்கள். அப்பாச்சி வெப் சர்வர் அவற்றைப் படிக்கும், எஞ்சின்எக்ஸ் கண்டுகொள்ளவே செய்யாது. அட்மின் பேனலில் எடுக்கும் டேட்டாபேஸ் பேக்கப் போய் விழுவது ஸ்டோரில். எஞ்சின்எக்ஸில் பிஎச்பிபிபியை அப்படியே வைத்தவர் பேக்கப்பைத் தெருவில் வைத்திருக்கிறார்.

பழையகோட்டை:
டாக்ஸ் ஃபோல்டரிலேயே எஞ்சின்எக்ஸுக்கு மாதிரி கான்ஃபிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த லொகேஷன் தடைகள் எல்லாம் அதில் உண்டு. நிறுவி முடிந்ததும் இன்ஸ்டால் ஃபோல்டரை நீக்க வேண்டும், கான்ஃபிக் பிஎச்பி ஃபைலின் அனுமதியை 640 ஆக்க வேண்டும். இவ்வளவுதான்.

நீங்கள் சொல்லாமல் விட்டது தமிழ். டிஸ்கோர்ஸில் ஸ்லக் (முகவரியில் வரும் தலைப்புப் பகுதி) அமைப்பு இயல்பாக ஆஸ்கி (ஆங்கில எழுத்து மட்டும்). 'நெல் நாற்று நடவு' என்று தலைப்பு வைத்தால் முகவரியில் அதற்குப் பதில் வெறும் 'டாபிக்' என்று வரும். எல்லா இழைக்கும் அதே பெயர், எண் மட்டும் மாறும்.

வடக்குவாசல்:
அமைப்பில் 'என்கோடட்' என்று மாற்றலாம்.

பழையகோட்டை:
மாற்றலாம்தான். ஒரு தமிழ்க் குறி யூடிஎஃப்-8இல் 3 பைட், முகவரியில் சதவீதக்குறியோடு 9 எழுத்து. 'நெல்' என்ற சொல்லில் ந, எகரக் கொம்பு, ல, புள்ளி என நான்கு குறிகள், ஆக 36 எழுத்து. வாட்ஸப்பில் ஒட்டினால் திரை முழுக்க முகவரிதான். 'நன்' (none, ஸ்லக் வேண்டாம்) என்று வைத்து எண் மட்டும் விடுவது மேல்.

மூன்றாம்சாமம்:
தமிழ் என்றால் தேடலையும் பார்க்க வேண்டும். அங்கே பிஎச்பிபிபிதான் உதைக்கிறது. அதன் நேட்டிவ் தேடலில் 5 சதவீதத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் வரும் சொல்லைப் 'பொதுச்சொல்' என்று தள்ளிவிடும். வேளாண் மன்றத்தில் 'நெல்' தேடினால் கிடைக்காமல் போக இது ஒன்றே போதும். அந்த வரம்பை 0 ஆக்கி, இண்டெக்ஸை அழித்து மறுபடி உருவாக்குங்கள்.

டிஸ்கோர்ஸ் முன்னொட்டாகத் தேடும், 'நெல்' என்றால் 'நெல்லுக்கு', 'நெல்லில்' எல்லாம் வரும் (நெல்லைக்காரர்களும் வருவார்கள், அது வேறு). 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது. 'மர' என்று சுருக்கினால் இரண்டே குறி, தேடலின் குறைந்தபட்ச நீளம் 3. அமைப்பில் 2 ஆக்கினால் வேலை செய்யும்.

நாற்றங்கால்:
அப்படியானால் 2 ஜிபி ரேமுக்கு மாறி டிஸ்கோர்ஸ் போடுகிறேன். அதே சர்வரில் எஞ்சின்எக்ஸில் வேறொரு சிறு தளமும் ஓடுகிறது. சிக்கல் வருமா?

வடக்குவாசல்:
வரும். 80, 443 போர்ட்டுகள் ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் செட்டப் நின்றுவிடும். அந்த எஞ்சின்எக்ஸைத் தற்காலிகமாக நிறுத்தி நிறுவுங்கள். பிறகு ஆப் யாமலில் எஸ்எஸ்எல், லெட்ஸ் என்கிரிப்ட் டெம்ப்ளேட் இரண்டையும் எக்ஸ்போஸ் வரிகளையும் குறிப்புரையாக்கி, வெப் சாக்கெட்டட் டெம்ப்ளேட்டைச் சேர்த்து ரீபில்டு கொடுங்கள். ஷேர்டு ஸ்டாண்டலோன் ஃபோல்டரில் ஒரு சாக்கெட் ஃபைல் (இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல்) உண்டாகும், வெளி எஞ்சின்எக்ஸ் வரும் கோரிக்கைகளை அதற்கு ப்ராக்சி செய்யட்டும். சான்றிதழ் இனி வெளி எஞ்சின்எக்ஸின் பொறுப்பு.

இன்னொன்று, பழைய டாக்கர் இமேஜ்கள் சேர்ந்து 25 ஜிபியை விழுங்கும். ரீபில்டு முடிந்ததும் 'லாஞ்சர் கிளீனப்' ஓட்டுங்கள்.

பழையகோட்டை:
பேக்கப் தானாக நடக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது விழுவதும் அதே சர்வரின் டிஸ்க்கில்தான், வெளியே எடுத்து வையுங்கள். ஆப் யாமல் அந்த பேக்கப்பில் சேராது. டிஸ்க் போனால் எஸ்எம்டிபி விவரம், பிளகின் பட்டியல் எல்லாம் கையால்தான் மறுபடி எழுத வேண்டும்.

வடக்குவாசல்:
சரியான பேச்சு. பிஎச்பிபிபி அட்மின் பேனல் பேக்கப்பில் இணைப்புப் படங்களே சேராது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பழையகோட்டை:
சேராது, ஒப்புக்கொள்கிறேன். ஃபைல்ஸ் ஃபோல்டரை ஆர்சிங்க் (ஃபைல் நகலெடுக்கும் கருவி) கொண்டு தனியே எடுக்க வேண்டும். உள்ளே நீட்சியே இல்லாத ஹேஷ் பெயர்கள்தான் இருக்கும், எது எந்தப் பதிவின் படம் என்பது டேட்டாபேஸுக்கு மட்டும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள்.