தேவ பிரசன்னத்தை எதைக் கொண்டு அறிவது?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
அனைவருக்கும் ஸ்தோத்திரம். பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து என் தகப்பனார் படுக்கையில் விழுந்து 14 மாதங்கள் ஆகின்றன. மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான்தான் கவனித்து வருகிறேன். உபவாசக் கூடுகையில் பாடும்போது தேவனுடைய பிரசன்னம் என்னைச் சூழ்ந்திருப்பதாக உணர்கிற நான், வீடு திரும்பி அவருடைய படுக்கை விரிப்பை மாற்றும்போது அதில் ஒரு துளியையும் உணர்வதில்லை. சென்ற மாதம் ஜெபிக்க வந்த ஒருவர், விசுவாசக் குறைவினால்தான் இந்த வீட்டில் வல்லமை இறங்கவில்லை என்று அப்பாவின் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அப்பா ஜெபத்துக்குக் கண் மூடுவதில்லை. தேவன் எங்களோடு இருக்கிறார் என்பதை எப்படி அறிவது?

பதில் (தருமபுரி):
சகோதரரே, கர்த்தர் எங்களோடு இருந்தால் இவையெல்லாம் ஏன் நேரிட்டன என்று கிதியோனும் கேட்டான் (நியாயாதிபதிகள் 6). அதற்காக அவன் கடிந்துகொள்ளப்படவில்லை. இருக்கிற பலத்தோடே போகும்படி அனுப்பப்பட்டான். அப்போஸ்தலனாகிய பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் (தன்னை வருத்திய துன்பத்தை அவர் அப்படித்தான் சொல்கிறார்) நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. கிருபை போதும், பலவீனத்திலே பலம் பூரணமாய் விளங்கும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில் (2 கொரிந்தியர் 12). அங்கே பலம் என்றும், அப்போஸ்தலர் 1:8இல் ஆவியானவர் வரும்போது அடைகிற பெலன் என்றும் நாம் வாசிப்பது கிரேக்க மூலத்தில் 'டுனாமிஸ்' என்கிற ஒரே சொல்தான். ஆகையால் மேடையில் முழங்கப்படுகிற வல்லமை வேறு, முள்ளோடு வாழ்கிறவனைத் தாங்குகிற பலம் வேறு என்று பிரிக்க வேதத்தில் இடமில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தவர் பவுலுக்கும் விசுவாசக் குறைவு என்பாரோ என்னவோ.

பதில் (ஓசூர்):
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சுகத்துக்காக ஜெபிப்பதை விட்டுவிடாதீர்கள். சபையின் மூப்பர்களை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு 5:14 சொல்கிறது. அடுத்த வசனம் பேசுவது ஜெபிக்கிறவர்களுடைய விசுவாசத்தைப் பற்றியே தவிர, படுத்திருக்கிறவருடைய விசுவாசத்தை விசாரிப்பதற்கு அல்ல. பிசியோதெரபியும் தொடரட்டும்.

பதில் (எலத்தகிரி):
நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் ஆலயத்தில், அர்ச்சிக்கப்பட்ட நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழைக்கு அருகே எப்போதும் ஒரு விளக்கு எரியும்; ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம். நான் எதையும் உணராத நாளிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. விரிப்பை மாற்றும்போது ஒன்றும் உணர்வதில்லை என்கிறீர்கள். மத்தேயு 25இல், நோயுற்றிருந்த தம்மைக் கவனித்துக்கொண்டதாக ஆண்டவர் சொல்லும்போது, எப்பொழுது உம்மை அப்படிக் கண்டோம் என்று நேர்மையாளர்களே வியந்து கேட்கிறார்கள். கவனித்த வேளையில் அவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் தந்தைக்கு 88ஆம் திருப்பாடலை (நீங்கள் சங்கீதம் என்பீர்கள்) வாசித்துக் காட்டுங்கள். இருளிலேயே முடிகிற அந்தப் பாடலைத்தான் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் திருச்சபை சொல்லி வருகிறது.

கேட்டவர்:
நன்றி. அந்தச் சங்கீதத்தை நேற்றிரவு வாசித்தேன். அப்பா கண் மூடவில்லை. ஆனால் முடித்ததும், இடக்கையால் வேதாகமத்தைத் தொட்டு, மறுபடி வாசிக்கும்படி சைகை காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாலை போதகரும் மூப்பர்களும் எண்ணெயோடு வருகிறார்கள். முன்பு வந்தவரை அழைக்கவில்லை.