கல்லிடை வீட்டுச் சொந்தங்கள்

[இரவு 10:41] மீனா: பெரியப்பா முழிச்சிருக்கியளா? போன் எடுக்கல, அதான் இங்க போடுதேன். ஆஸ்பத்திரில நைட் டூட்டி. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து ஒரு பையனக் கொண்டுவந்திருக்காவ. உக்காரவே முடியல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம். ரிமாண்டுக்கு நேரமாச்சு, ஃபிட்னு எழுதிக் குடுங்கன்னு நிக்காவ

[10:43] பார்வதி: ஏட்டி நமக்கு எதுக்கு வம்பு. வேலைல சேந்து ஆறு மாசம் ஆவல. பெரிய டாக்டர் வரட்டும்னு சொல்லிரு

[10:43] மீனா: வேற ஆளு இல்லம்மா

[10:47] சங்கரன் பெரியப்பா: முழிச்சுதான் இருக்கேன் தாயி. போலீஸ வெளிய நிக்கச் சொல்லு. துணியக் கழத்திப் பாரு. முதுகு, பிட்டம், உள்ளங்கால் எல்லாம். 2020-ல சாத்தான்குளத்துல ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் ரத்தம் நிக்காம லுங்கிய மாத்திக்கிட்டே இருந்தாவ. அன்னைக்கும் ஆஸ்பத்திரி சீட்டு இருந்துச்சு, ரிமாண்டும் ஆச்சு. கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போயி மூணே நாள்ல ரெண்டு பேரும் இல்ல

[10:49] முருகன் மாமா: ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சே அத்தான்

[10:51] சங்கரன் பெரியப்பா: இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க்ல 1 டிபி இடமும் இருந்துச்சு. அன்னன்னைக்கே அழியுத மாதிரி வச்சிருந்தாவ. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே அறிக்கைல எழுதுனாரு. அங்க வேலை பாத்த பெண் ஏட்டு துணிஞ்சு சாட்சி சொன்னதாலதான் உள்ள நடந்தது வெளிய வந்துச்சு

[10:52] பார்வதி: அத்தான் நீங்க சொல்லிருவிய. காலைல அவ தனியா பஸ்ல வரணும். 2023-ல நம்ம அம்பாசமுத்திரத்துல பையமாரு பல்லப் புடுங்குனதா பெரிய அதிகாரி மேலயே புகார். சஸ்பெண்ட் பண்ணுனாவ, மறுவருஷமே அதத் திருப்பி எடுத்துட்டாவ. அவுகளையே ஒண்ணும் பண்ண முடியலன்னா எம்புள்ள எம்மாத்திரம்

[10:58] சங்கரன் பெரியப்பா: உன் பயம் நியாயந்தான் பார்வதி. காவல்ல இருக்கவன் உடம்புல காயம் இருந்தா போலீசுதான் பதில் சொல்லணும்னு சட்டத்துல சேக்கச் சொல்லி 1985-லயே சட்டக் கமிஷன் எழுதிட்டு. இன்னும் சேக்கல. அடிபட்டவந்தான் நிரூபிக்கணும். லாக்கப்புக்குள்ள அவனுக்கு யாரு சாட்சி? மீனா எழுதுத சீட்டுதான். கோர்ட்ல கேஸ் கட்டு தூக்குனவன் சொல்லுதேன், ‘காயம் இல்லை’ங்கற ஒத்த வரில எத்தனையோ கேஸ் செத்துருக்கு

[10:59] சங்கரன் பெரியப்பா: மீனா, புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 53-வது பிரிவு. காயம் எப்ப பட்டிருக்கும்னும் எழுதணும். நகல் அவனுக்கோ அவன் சொல்லுத ஆளுக்கோ குடுக்கணும்

[11:20] பார்வதி: மீனா?

[11:34] பார்வதி: போன எடுட்டி

[11:56] மீனா: இப்பதான் முடிஞ்சுது. ஒவ்வொரு காயத்துக்கும் நீளம், நெறம் எழுதிட்டேன். வழுக்கி விழுந்தா உள்ளங்கால்ல வரி வரியா வருமா பெரியப்பா? அவன் சொன்னத அவன் வார்த்தையிலயே எழுதிருக்கேன். ஃபிட் போடல. ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணிட்டேன். அவன் அம்மா வாசல்ல நின்னாவ, அவன் சொன்னபடி நகல அவங்க கையில குடுத்தேன். போலீஸ்காரவ எம்பேரக் கேட்டு எழுதிக்கிட்டுப் போறாவ

[11:57] சங்கரன் பெரியப்பா: உன்கிட்டயும் ஒரு நகல் வச்சுக்கோ தாயி

[11:59] பார்வதி: பஸ்ல வராத. மாமாவ அனுப்புதேன்

[11:59] முருகன் மாமா: ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்